பாவாடை, கொளஞ்சி, பூவராகன்: நம்ம பக்கத்து ஆண்பெயர்களுக்கு என்ன பொருள்?

முதுநகரான்:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைச்சன். எங்கள் வீட்டில் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பதுதான் வழக்கம். எனக்கும் என் தாத்தா பெயர்தான், கலியபெருமாள். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் பெயர் பாவாடை.

என் இனிஷியல் 'பா'. பள்ளிக்கூடத்தில் 'பா'வுக்கு விரிவு என்ன என்று கேட்டால் பாஸ்கரன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு அது தெரியும். ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. இப்போது என் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் அது நெஞ்சை அறுக்கிறது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டோம், பெயர் இல்லாமல். பெயர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் கிடையாதாம். அதனால் அவசரம் இல்லை. இந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லுங்கள். இதுபோல நம்ம பக்கம் மட்டும் வழங்குகிற, வெளியூரில் கேட்டால் முழிக்கிற ஆண்பெயர்கள் தெரிந்தாலும் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கிற பெயர்ப் பட்டியல்களில் இவை ஒன்றுகூட இல்லை.

பண்ருட்டிப் பலா:
தம்பி, வாழ்த்துகள். மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதே. அப்பா மேல் உள்ள பாசம் வேறு, பிள்ளை பள்ளிக்கூடத்தில் படப்போகிற பாடு வேறு. நீயே பாஸ்கரன் என்று சொல்லித்தான் தப்பித்தாய். அதே சுமையைப் பச்சைக் குழந்தை தலையில் ஏற்றாதே. அப்பா படத்தை வீட்டில் மாட்டி விளக்கேற்று. பிள்ளைக்கு வாயில் சுலபமாக நுழைகிற பெயராக வை.

நெல்லிக்குப்பம் டீச்சர்:
முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வகுப்புகளில் எத்தனையோ பாவாடைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்ட ஒவ்வொரு முறையும் பாடத்தை நிறுத்திவிட்டு இதைச் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் சொல்கிறேன்.

பாவுதல் என்றால் பரப்புதல். கல் பாவிய தெரு, தரைக்குப் பலகை பாவினார்கள் என்கிறோம் அல்லவா, அந்தப் பாவுதல்தான். பாவாடை என்றால் பாவிய ஆடை, விரித்த துணி. பெரியவர்கள் நடந்து வரும்போது காலடியில் விரிக்கிற துணிக்கு நடைபாவாடை என்று பெயர். தெய்வத்துக்கு முன்னால் துணி விரித்து, அதன்மேல் சோற்றைக் குவித்துப் படைப்பதும் பாவாடைதான். திருமலையில் இன்றைக்கும் வியாழக்கிழமைகளில் 'திருப்பாவாடை' என்றே ஒரு சேவை நடக்கிறது. பெருமாளுக்கு எதிரே புளியோதரையை மலைபோலக் குவிப்பார்கள். அங்கே கைகூப்பி நிற்கிற யாரும் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பதில்லை.

பெண்பிள்ளைகள் உடுத்துவதும் இதே சொல்தான். இன்றைக்கு அந்த ஒரு பொருள் மட்டும் புழக்கத்தில் தங்கிவிட்டது, மற்றவை அகராதிக்குள் ஒதுங்கிவிட்டன.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் அகராதி பார்த்து வைத்திருக்கமாட்டார்கள். நம்ம பழைய தென்னார்க்காட்டில் இது சாமி பெயர். பாவாடைராயன். அங்காளம்மனுக்குக் காவல் நிற்கிறவர். செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூர் கோயிலில் அவருக்குத் தனி இடம் உண்டு. மாசி மாதம் மயானக் கொள்ளைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்காளம்மன் குலதெய்வமாக உள்ள குடும்பங்களில் பிள்ளைக்குப் பாவாடை என்று பெயர் வைப்பது, அய்யனாரைக் கும்பிடுகிறவர்கள் அய்யனார் என்று வைப்பது மாதிரிதான். உங்கள் குலதெய்வம் எது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

முதுநகரான்:
டீச்சர், படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குலதெய்வம் அங்காளம்மன்தான். மொட்டை போட்டதே மேல்மலையனூரில். அங்கே பாவாடைராயன் முன்னால் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்திருக்கிற புகைப்படம் இருக்கிறது. அந்தச் சாமி பெயரும் அப்பா பெயரும் ஒன்று என்று இத்தனை வருடம் எனக்கு உறைக்கவே இல்லை.

மணவாளநல்லூரான்:
அப்படியானால் எங்கள் ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும். கொளஞ்சி. கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன் என்றும் வைப்போம். விருத்தாசலத்தைத் தாண்டி நூறு கிலோமீட்டர் போய்விட்டால் "என்ன பெயர், மறுபடி சொல்லுங்கள்" என்பார்கள். சென்னையில் எனக்கு வந்த முதல் சம்பளக் காசோலையில் குழந்தைசாமி என்று எழுதியிருந்தார்கள்.

கொளஞ்சி ஒரு செடி. கொளுஞ்சி, கொழிஞ்சி என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். தழையுரமாக வயலில் மடக்கி உழுகிற செடியையும் அந்தப் பெயரால்தான் சொல்கிறோம். அந்தப் புதரில் ஒரு பசு தானாகப் பால் சொரிந்தது, தோண்டிப் பார்த்தால் கல் இருந்தது, அந்தக் கல்தான் முருகன் என்பது கோயில் கதை. சிலை கிடையாது. உருவமும் இல்லாத, உருவம் இல்லை என்றும் சொல்ல முடியாத பலிபீடம் போன்ற கல். செடியின் பெயரே சாமிக்கு, சாமியின் பெயரே எங்களுக்கு.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். கொடுத்த கடன் திரும்ப வரவில்லை, நகை காணாமல் போயிற்று, கட்டினவன் கைவிட்டுவிட்டான், எதுவானாலும் மனுவாகத் தாளில் எழுதி முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வரவேண்டும். போலீசுக்குப் போக வழி இல்லாதவர்கள் அங்கே போவார்கள். பிராது பலித்த வருடம் பிறந்த பிள்ளைக்குக் கொளஞ்சி என்று பெயர். என் பெயர் அப்படி வந்தது. என் பாட்டியின் நிலத்தை யாரோ எழுதி வாங்கிக்கொண்டார்கள், அது திரும்பிய வருடம் நான் பிறந்தேன்.

கூடவே விருத்தாசலம். ஊர்ப் பெயரே ஆள் பெயர். விருத்தம் என்றால் முதிர்ந்தது, அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. தேவாரத்தில் இதே ஊர் திருமுதுகுன்றம். சாமிக்குப் பழமலைநாதர் என்றும் பெயர் உண்டு. ஆகவே விருத்தாசலம், விருத்தகிரி, பழமலை மூன்றும் ஒரே பெயர்தான். புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம் என்பது தெரிந்திருக்கும். அவர் 1906இல் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். திருநெல்வேலிக்காரர் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். பெயர் மட்டும் எங்கள் மலை.

தில்லைவெளி:
பூவராகன் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூப்போல மென்மையான வராகன் என்று பொருள். ஸ்ரீமுஷ்ணம் சாமி.

கிள்ளைக்கடல்:
தில்லைவெளி ஐயா, கோபிக்கவேண்டாம். அது மலர் இல்லை. வடமொழியில் பூ என்றால் பூமி. பூகோளம், பூகம்பம் என்கிறோமே, அந்தப் பூ. பூமியைக் கடலடியிலிருந்து கொம்பில் ஏந்தி வந்த வராகம் என்பதால் பூவராகன். தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டதால் இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. என் மாமாவே தன் பெயருக்கு மலர்ப்பன்றி என்றுதான் பொருள் நினைத்திருந்தார்.

பன்றி என்ற எண்ணத்தில் இந்தக் காலத்தில் வைக்கத் தயங்குகிறார்கள். ஒரு காலத்தில் பொன் நாணயத்துக்கே வராகன் என்று பெயர். நாணயத்தில் பொறித்த வராக உருவத்தால் வந்த பெயர் அது. மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து எங்கள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் முஸ்லிம் சகோதரர்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள், தர்காவிலும் மரியாதை உண்டு. கிள்ளையில் பிறந்தவனுக்கு அந்த ஒரு நாள் தீபாவளியைவிடப் பெரிசு. எங்கள் தெருவில் நாலு பூவராகன்கள் இருந்தார்கள். இப்போது ஒருவர்.

கெடிலக்கரை:
நம்ம மாவட்டத்திலேயே பழைய பெயர் ஒன்று யாரும் வைக்காமல் கிடக்கிறது. எனக்கு அதில் நிஜமான வருத்தம். மருணீக்கியார்.

அப்பர் என்றும் திருநாவுக்கரசர் என்றும் சொல்கிறோமே, அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூர் அவர் பிறந்த ஊர். அப்பா புகழனார், அம்மா மாதினியார், அக்கா திலகவதியார். மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. மருள் நீக்கி, மருணீக்கி. ளகரமும் நகரமும் சேர்ந்து ணகரமாகிறது, அவ்வளவுதான். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலைநோய் வந்து அக்காவிடம், திருவதிகைக்குத் திரும்பினார். பிறகுதான் நாவுக்கரசர். ஒரே ஆள் மூன்று பெயரில் வாழ்ந்திருக்கிறார், மூன்றுக்கும் பொருள் உண்டு. நாவுக்கரசு, வாகீசன் (வாக்குக்கு ஈசன்) இரண்டையும் வைக்கிறார்கள். பிள்ளைக்கு 'மருள்நீக்கி' என்று வைத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம். அங்கே பாடிய பாட்டில், கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இருக்கிற துணை என்று சாமியைச் சொல்கிறார், 'தோன்றாத் துணை'. தோன்றாத்துணை என்ற பெயரை ஒரு ஆண்பிள்ளைக்கு வைத்துப் பாருங்கள். கடலைப் பார்த்து வாழ்கிறவன் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

பாடலீசுவரன் என்ற பெயரையும் சிலர் பாட்டோடு சம்பந்தப்படுத்துகிறார்கள். பாடலி என்பது பாதிரி மரம். பாதிரிப்புலியூர் என்ற ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. பழைய பெயர் பாடலிபுரம். கி.பி. 458இல் லோகவிபாகம் என்ற சமண நூல் முடிக்கப்பட்டது பாடலிகம் என்ற இந்த ஊரில்தான்.

பண்ருட்டிப் பலா:
கெடிலக்கரை ஐயா, திருவாமூர் எனக்கு நடந்து போகிற தூரம். மருணீக்கியாருக்கு இந்தப் பொருள் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நன்றி.

தம்பியின் பெயரையே கேட்கிறேன். கலியபெருமாள் என்றால் என்ன? கலி என்றால் துன்பம், கலி என்றால் சனி என்று எங்கள் ஜோசியர் சொன்னார். அப்படியிருக்க ஏன் பெயராக வைத்தார்கள்?

கிள்ளைக்கடல்:
திருமங்கையாழ்வாருக்குக் கலியன் என்று பெயர். கலிகன்றி என்றும் சொல்வார்கள், கலியை அடக்கியவர். கலியன், கலியபெருமாள், கலியமூர்த்தி எல்லாம் அதிலிருந்து வந்தவை என்பது என் எண்ணம்.

மணவாளநல்லூரான்:
கலியன் என்ற பெயருக்கு அது சரி. கலியபெருமாளுக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கேயும் சிலை கிடையாது, கம்பத்தைத்தான் கும்பிடுகிறோம். எங்கள் பக்கம் அதைக் கலியபெருமாள் கோயில் என்றுதான் சொல்வோம். புரட்டாசியில் குடும்பம் குடும்பமாக நெல்லும் கம்புமாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆழ்வார் பெயரைப் படித்து வைக்கிற வீடுகள் அல்ல எங்கள் வீடுகள். கம்பத்தைக் கும்பிட்டு வந்து வைத்த பெயர் இது. கலியுகத்தில் கண்கண்ட பெருமாள் என்று பொருள். சனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதுநகரான்:
என் தாத்தாவுக்குக் கல்லங்குறிச்சி போகிற பழக்கம் இருந்தது. அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணவாளநல்லூரார் சொல்வதுதான் எங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது.

புதுவை நிழற்சாலை:
புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தேவாலயப் பங்கில் இருக்கிற ஆண்பெயர்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சின்னப்பன் என்றால் பெரியப்பனுக்கு எதிர்ச்சொல் என்று நினைப்பீர்கள். அது புனித பவுல். இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். முன்னோர்கள் ஓசையை எடுக்காமல் பொருளைத் தமிழாக்கிச் சின்னப்பர் என்று வைத்தார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருள்கூர்ந்தார் என்று பொருள், அதனால் அருளப்பர். லாசர் என்பது எலெயாசரின் சுருக்கம், கடவுள் உதவினார் என்று பொருள், அதற்குத் தேவசகாயம். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் இப்படி வந்ததுதான். வீரமாமுனிவர் முதலில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். கொன்ஸ்தான்சோ என்ற தன் இத்தாலியப் பெயரில் இருக்கிற 'உறுதி'யை அப்படியே தமிழில் எடுத்தார்.

எல்லாம் மொழிபெயர்ப்பு இல்லை. சூசை போர்த்துக்கீசியர் வாயில் வந்த ஜோசப். சந்தியாகு என்பது சாந்த் இயாகோ, அதாவது யாகப்பர். சவரி என்பது சவேரியார். அது ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் ஒரு கோட்டையின் பெயர், பாஸ்க் மொழியில் புது வீடு என்று பொருள். புது வீடு என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறோம் என்று எங்கள் ஊர்ச் சவரிமுத்துகளுக்குத் தெரியுமா என்று அடிக்கடி நினைப்பேன்.

எனக்குப் பிடித்த ஒன்று. புதுச்சேரி மிஷன் வீதிப் பேராலயத்தை ஊரே சாம்பா கோயில் என்கிறது. சாம்பா என்பது போர்த்துக்கீசிய சாம் பவுலு, அதே பவுல்தான். ஒரே பெயர் எங்கள் ஊரில் சாம்பாவாகவும் நிற்கிறது, சின்னப்பனாகவும் நடமாடுகிறது.

அதே இடத்தை ஒட்டி இருந்த பழைய வேதபுரீசுவரர் கோயிலை 1748இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அந்த நாளை மனம் நொந்து எழுதியிருக்கிறார். கோயிலைப் பிறகு வேறு இடத்தில் கட்டினார்கள். புதுச்சேரியில் வேதபுரி என்று பெயர் வைத்த ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடிந்த கோயில் நினைவுக்கு வரும். நான் கிறித்தவன், அப்படியும் வரும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்களிடம் சவரிராயன் என்ற பெயர் உண்டு. உங்களிடம் பாவாடைராயன். இரண்டிலும் அதே ராயன், அதே அரசன்.

பரங்கிப்பேட்டை:
எங்கள் ஊரில் முகைதீன் என்றும் மைதீன் என்றும் மொய்தீன் என்றும் எழுதுவோம். எல்லாம் ஒன்றுதான். அரபியில் முஹ்யித்தீன், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பட்டப்பெயர். நெய்னா முகம்மது என்பதில் வரும் நெய்னா அரபி இல்லை, நம்ம நயினார்தான். தலைவர் என்ற தமிழ்ச் சொல்லும் நபியின் பெயரும் சேர்ந்து ஒரே பெயர். என் பாட்டனார் பெயர் அது.

திருநறுங்கொண்டைப் பக்கம்:
நயினார் என்றதும் எழுதத் தோன்றியது. நாங்கள் தமிழ்ச் சமணர்கள். எங்களையும் நயினார் என்பார்கள். அப்பாண்டைராசன் என்ற பெயரை எங்களைத் தவிர வேறு யாரிடமும் பார்க்க முடியாது. திருநறுங்கொண்டை மலையில் இருக்கிற தீர்த்தங்கரர் பார்சுவநாதருக்கு அப்பாண்டைநாதர் என்று பெயர், அதனால். தரணேந்திரன் என்றும் வைப்போம், பார்சுவநாதருக்குப் படம் விரித்துக் குடை பிடித்த நாகராசன். என் தோழர்கள் அது தரணி இந்திரன், பூமிக்கு அரசன் என்று பொருள் சொல்வார்கள். நான் அந்தப் பாம்பின் கதையைச் சொல்வேன்.

கெடிலக்கரை ஐயா தருமசேனரைக் குறிப்பிட்டதற்கு நன்றி. அந்தப் பெயரை எங்கள் பக்கம் சொன்னால் வேறு மாதிரி ஒலிக்கும். அவர் எங்களை விட்டுப் போனவர். ஆனாலும் எங்களோடு இருந்த காலத்தில் நாங்கள் கொடுத்த பெயர் அது.

கெடிலக்கரை:
உண்மைதான் ஐயா. அதை நான் அவசரமாகக் கடந்துவிட்டேன்.

கடல்தாண்டி:
நான் புதுச்சேரியில் பிறந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். அங்கே 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம்ம ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். கரீபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவுக்கு 1854இலிருந்து. கப்பலேறியவருக்கு ஒரே பெயர்தான் இருந்தது, தன் பெயர். அதைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதினார்கள். அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. வீரப்பிள்ளை 'விராபுல்லே' ஆனார். முத்துசாமி 'முத்துசமி' ஆனார். இன்றைக்கு அங்கே ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் கடைசியில் அந்தக் கிழவர் பெயர்தான் நிற்கிறது. தமிழ் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் தீமிதிக்கு நோன்பிருப்பார்கள்.

ஒரு பெரியவர் தன் குடும்பப் பெயரை எழுதிக்காட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார். குப்புசாமி. குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் தங்காத வீட்டில், இது எங்களுக்கு வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்ற, குப்பையில் புரட்டி எடுத்து வைக்கிற பெயர் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அழுதார். என்னைப் பிடித்துவைக்க ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள் என்றார்.

புதுச்சேரியில் 1881 சட்டப்படி பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு மாறினவர்களும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதியவேண்டியிருந்தது. சிலர் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள், சிலர் அப்பன் பெயரையே நிறுத்தினார்கள்.

பண்ருட்டிப் பலா:
கடல்தாண்டி எழுதியதைப் படித்த பிறகு நான் ஒன்றை மறைக்கக்கூடாது. என் அப்பா பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு வேலை கிடைத்ததும் நான்தான் வற்புறுத்தி, அரசிதழில் கொடுத்து, மணிவண்ணன் என்று மாற்றவைத்தேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடப் புதிதாகப் பழகினார். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்ப்பார். அதனால்தான் தம்பிக்கு முதலில் அப்படி எழுதினேன். டீச்சர், அந்தப் பெயருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் டீச்சர்:
உங்கள் அப்பாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தவறியிருப்பார்கள். குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் அந்த வீடுகளின் பெயர்கள். தவிட்டுக்கு விற்றதாகப் பாவனை செய்து திரும்ப வாங்கினால் தவிட்டான். அந்தக் காலத்துத் தாய்க்குத் தடுப்பூசியும் இல்லை, பக்கத்தில் டாக்டரும் இல்லை. அவளால் செய்ய முடிந்தது பிள்ளையைப் பெயருக்குப் பின்னால் ஒளித்துவைப்பது. உங்கள் பாட்டி அந்தப் பெயரை வைத்தார், உங்கள் அப்பா பிழைத்தார், நீங்கள் வந்தீர்கள்.

மாற்றியதற்காக உங்களை நான் குறைசொல்லவில்லை. நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிப் பலா:
இருக்கிறது டீச்சர்.

தில்லைவெளி:
பூவராகனில் தவறினேன், திருத்தியதற்கு நன்றி. எங்கள் சிதம்பரத்துப் பெயர் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். குஞ்சிதபாதம். குஞ்சிதம் என்றால் வளைந்தது, மடங்கியது. நடராசர் தூக்கிய இடது திருவடி. அப்பர் பாட்டில் 'எடுத்த பொற்பாதம்' என்று வருவது அதுதான். ஒரு மனிதனுக்கு ஒரு காலின் பெயரை வைக்கிற ஊர் எங்கள் ஊர். அம்பலவாணன், பொன்னம்பலம், கனகசபை, சபாநாயகம் எல்லாமே அந்த ஒரு மண்டபத்தைச் சுற்றி வருபவை. பாரதிதாசனின் அப்பா பெயர் கனகசபை. சுப்புரத்தினம் கனகசுப்புரத்தினம் ஆனது அப்பா பெயரை முன்னால் ஏற்றுக்கொண்டதால்தான்.

வில்லியனூர் வாசகன்:
புதுவைக் கவிஞர்கள் என்றால் வாணிதாசனையும் சொல்லுங்கள். எங்கள் வில்லியனூரில் 1915இல் பிறந்தவர். இயற்பெயர் அரங்கசாமி, வீட்டில் எத்திராசலு. யதி என்றால் துறவி, யதிராசர் துறவிகளுக்கு அரசர், இராமானுசர். கடைசியில் இருக்கிற 'லு' தெலுங்கு மரியாதை. வடமொழிச் சொல், தெலுங்கு விகுதி, தமிழ் உச்சரிப்பு. எங்கள் தெருவில் எத்திராசு என்றும் கூப்பிடுவோம்.

முதுநகரான்:
எல்லாருக்கும் பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் பேசினேன். ஒரு சிக்கல் வந்தது, நான் எதிர்பார்க்காதது.

என் மனைவி உடனே சம்மதித்துவிட்டாள். ஆனால் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லி, "டேய்" என்று பிள்ளையை எப்படி அதட்டுவேன் என்று கேட்டாள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சங்கடம். என் அம்மா இன்றுவரை அப்பா பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைச் சொல்லச் சொல்லும். பெண்பிள்ளைகள் உடுத்துவதைக்கூட 'கீழ்த்துணி' என்றுதான் சொல்லும். அதற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. பேரனுக்கு அந்தப் பெயர் வைத்தால் அம்மா அவனைக் கூப்பிடவே முடியாது.

நெல்லிக்குப்பம் டீச்சர்:
பேரன் என்பதே பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அதனால்தான் பழைய வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருந்தது. ஒன்று ஏட்டில், ஒன்று வீட்டுப் பெண்கள் கூப்பிட. உங்கள் அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

முதுநகரான்:
கட்டாயப்படுத்தவில்லை டீச்சர். அம்மாவிடம் நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். திருப்பாவாடையைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. புதுவைக்காரர் எழுதிய ராயன் வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னது.

நேற்று நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். க. பாவாடைராயன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். எழுத்துப்பிழை இல்லையே என்று கேட்டார். இல்லை, ராயனுக்கு இடையின ர, கடைசியில் றன்னகரம் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளை தூளியில் அழுதுகொண்டிருந்தான். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "ராயா, தோ வந்துட்டேன்டா ராயா" என்று குரல் கொடுத்தது.